முருங்கைக் கொம்பு

தெற்குவெளி வீதியில் எனக்கு ஒத்திக்கு வீடு விட்டவர் கூன் விழுந்த, களைத்த மனிதர். மாத வாடகை கிடையாது. குடிவருகிறவர் மொத்தமாகக் கொடுக்கும் பணத்தை, அவர் காலிசெய்யும்போது திருப்பித் தரவேண்டும். முதல் குடித்தனக்காரரின் பணத்தில்தான் வீட்டையே கட்டி முடித்திருந்தார். ஆகவே யார் கிளம்பினாலும் அடுத்தவரைத் தேடி அலைவார்.

குடிவருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு முருங்கைக் கொம்பைக் கொடுத்து, கொல்லையில் ஊன்றச் சொல்வார். மரம் வைத்தவன் லேசில் கிளம்பமாட்டான் என்பது அவர் நம்பிக்கை.

எனக்கு மாற்றல் வந்திருப்பதைச் சொன்னதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

“இப்பத்தான் பூ விட்டிருக்கு தம்பி. காய் பறிக்கிற வரைக்குமாச்சும் இருக்கக் கூடாதா?”

“சர்க்கார் உத்தரவுண்ணே.”

புதிதாகக் குடிவந்தவரின் பணத்தை வாங்கிய கையோடு என்னிடம் கொடுத்தார். வண்டியேறுமுன் கொல்லையை எட்டிப்பார்த்தேன். புதியவர் கையில் கொம்போடு, ஊன்ற இடம் தேடிக்கொண்டிருந்தார். எங்கு பார்த்தாலும் முருங்கை.