பத்தடி தள்ளி

தெருவில் விசில் கேட்டதும் சலவைக்கடை அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, சுவிட்சை அணைத்து, அணைத்தாயிற்றா என்று இன்னொரு முறையும் பார்த்துக்கொள்கிறார். ஒருமுறை பதற்றத்தில் மறந்துபோய், பேராசிரியர் ஒருவரின் பேண்ட் முட்டியில் பொசுங்கி ஓட்டையாகிவிட்டது. பிறகு ஓர் ஊக்கை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டு வெளியே வருகிறார்.

கடை கல்லூரி வாசலுக்கு எதிரே. அந்தத் தெருவில் போலீஸ்காரர்கள் மாணவர்களை நிறுத்தாத நாள் குறைவு. அடையாள அட்டை எங்கே, வண்டிச் சாவியைக் கொடு, பையைக் கொட்டு. ஏன் என்று கேட்டால் அதுவே குற்றம். விசில் ஊதுவது போலீஸ் அல்ல, அவர்கள் யாரையாவது நிறுத்துவதை முதலில் பார்க்கிற கடைக்காரர். ஊதியதும் ஜெராக்ஸ்காரர், சைக்கிள் கடைக்காரர், முடிதிருத்துபவர் என்று ஒன்பது கடையும் வெளியே வந்து நிற்கும். பத்தடி தள்ளி, கை வெளியே தெரிய, பேசாமல். ஏற்பாடு அக்காவுடையது.

"நிக்கணும், அவ்வளவுதான். நாம பாக்குறோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சா போதும். வாயத் தொறந்தா அடி அந்தப் புள்ளைக்குத்தான் விழும்."

பட்டுத் தெரிந்துகொண்டது இது. போன வருஷம் ஒரு மாணவனைச் சட்டையைப் பிடித்து இழுத்தபோது, அக்கா நடுத்தெருவில் இறங்கிப் போலீஸ்காரர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். அந்த ஆவேசம் அவன் தலையில் விடிந்தது. அள்ளிக்கொண்டு போய், பரீட்சை முடிந்த பிறகுதான் விட்டார்கள். அந்த உறுத்தல் அக்காவுக்கு இன்னும் தீரவில்லை. தன் வாய் மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது, அதற்குத்தான் ஊக்கு. ஜெராக்ஸ்காரர் அவருக்கும் மேலே. இரண்டு கையிலும் தாள்கட்டோடுதான் அவர் வரவேண்டும். கை ஆடினால்தான் அவருக்குப் பேச்சு வரும் என்பது அக்காவின் கண்டுபிடிப்பு.

வேடிக்கை என்னவென்றால், போலீஸ் ஸ்டேஷன் சீருடைகளும் இந்தக் கடைக்குத்தான் வருகின்றன. கடை வாடகையே அதில்தான் ஓடுகிறது. நேற்று சாயங்காலம் துணி வாங்க வந்த மூத்த போலீஸ்காரர் மேசையில் சாய்ந்து நின்றார்.

"இங்க பாரும்மா, எங்க துணிய வச்சுதான் உன் கடை நடக்குது. இனிமே நீ தெருவுல வந்து நின்னா எல்லாம் வேற கடைக்குப் போயிடும். யோசிச்சுக்க."

அக்காவின் கணவர் கேள்விப்பட்டால் ஊர் வம்பு நமக்கெதுக்கு என்பார், அதுவும் அக்காவுக்குத் தெரியும். மேசையில் பாதி தேய்த்துக் கிடந்தது அந்தப் போலீஸ்காரரின் சட்டைதான். அதை முடித்தார். காலர், கை, முதுகு. பிறகு டப்பாவிலிருந்து அவர் பெயர் பொறித்த பேட்ஜை எடுத்தார். மாணவர்களை நிறுத்தும்போது பெயர் தெரியாமலிருக்க, போலீஸ்காரர்கள் அதைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார்கள். துவைக்கும் முன் எடுத்து வைத்து, தேய்த்ததும் அதே பைக்குள் போட்டுக் கொடுப்பது அக்காவின் வழக்கம். நேற்று பைக்குள் போடவில்லை. மார்பில் வைத்துக் குத்தினார், கோணலாக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார், நேராக்கினார், சட்டையை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.