பாக்கியமக்கா கையெழுத்து வைக்கவில்லை

போன செவ்வாய்க்கிழமை பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். பதறாதீர்கள்... வாராவாரம் இந்தப் பத்தியில் எழுதுவதற்காக யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. நானாகத்தான் போனேன். அதுவும் சவரம் செய்து, சட்டையை அயர்ன் பண்ணி, பையில் இரண்டு பேனாவோடு!

காரணம் பாக்கியமக்கா. எங்கள் பின் ஒழுங்கையில் இருப்பவர். மலையகத்திலிருந்து கலியாணம் முடித்து வவுனியாப் பக்கம் வந்தவர், வெங்காயத் தோட்டங்களில் கூலி வேலை. அவர் வேலை செய்த தோட்டத்தில் வாட்டர் பம்ப் ஒன்று காணாமல் போய்விட்டது. கடைசியாக அதைத் தொட்டவர் அவர்தான் என்று தோட்ட முதலாளி முறைப்பாடு கொடுத்துவிட்டார். வாக்குமூலம் சொல்ல வரும்படி அழைப்பு வந்தது. கணவர் உயிரோடு இல்லை, வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். இவரை ரிமாண்டில் போட்டால் அதுகளை யார் பார்ப்பது?

“பயப்பிடாதேங்கோ அக்கா, எனக்குச் சிங்களம் தெரியும். நான் வாறன்” என்றேன்.

சொல்லும்போதே நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. உண்மையைச் சொன்னால், என் சிங்களம் கொழும்பில் இரண்டு வருடம் அறை எடுத்துத் தங்கியபோது சேர்த்தது. சாப்பாட்டுக் கடைக்கும் பஸ்ஸுக்கும் தாராளமாகப் போதும்.

ஓய்வு பெற்ற பள்ளிக்கூட மாஸ்டர் என்றதும் எனக்குக் கதிரை கிடைத்தது. தேநீரும் கிடைத்தது. பாக்கியமக்கா நின்றார். சந்தேக நபர் நின்றுகொண்டுதான் பதில் சொல்லவேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? நான் கேட்கவில்லை... தேநீர் நல்ல சூடாக இருந்தது.

சார்ஜன்ட் சிங்களவர், சுறுசுறுப்பான ஆள். முதல் கேள்வியே, ‘யாருக்கு விற்றாய்?’ எடுத்தாயா என்று கேட்கவே இல்லை! நானும் அதை அப்படியே தமிழில் கேட்டேன்.

“விக்கலீங்க. மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு. நான்தான் பம்பத் தூக்கிட்டுப் போயி கொட்டில்ல வச்சுப் பூட்டுனேன். சாவிய மொதலாளிகிட்ட குடுத்துட்டேன்” என்றார் பாக்கியமக்கா.

இதை நான் சிங்களத்தில் சொல்லவேண்டும். மழை, தெரியும். தூக்கிக்கொண்டு போனது, தெரியும். கொட்டில்? கொழும்பு பஸ்ஸில் யாரும் கொட்டிலைப் பற்றிக் கதைத்ததில்லையே! கொஞ்சம் இருமினேன். மழை வந்தது, இவர் பம்பைத் தூக்கிக்கொண்டு போனார் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். மிச்சத்தைப் பிறகு சேர்க்கலாம் என்று ஒரு நினைப்பு.

சார்ஜன்ட் மிச்சம் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. முகம் மலர எழுதினார். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிளிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். பிறகு தாளை பாக்கியமக்கா பக்கம் தள்ளினார்.

“வையுங்கோ அக்கா. கையெழுத்து வைச்சால் வீட்டை போகலாம்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? நீங்களே யோசித்துப் பாருங்கள். நாம் எதை வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தோம்? நிவாரண அட்டைக்கு வைத்தோம். ஊரைவிட்டு வெளியே போகும் பாஸுக்கு வைத்தோம். பாதை திறந்த பிறகு ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி ஏறும்போதெல்லாம் வைத்தோம். அடியில் ஒரு புள்ளிக்கோடு இருந்தால் போதும், கை தானாகப் போய்விடும். இடம்பெயர்ந்த சனத்துக்கு அது ஒரு வியாதி.

பாக்கியமக்காவின் கை போகவில்லை.

“வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க மாஸ்டர்.”

“அது சிங்களத்தில எல்லோ எழுதியிருக்கு. வாசிச்சாலும் உங்களுக்கு விளங்காது.”

“பரவால்ல, வாசிக்கட்டும்.”

சார்ஜன்ட் சலித்துக்கொண்டே வாசித்தார். பாதியில் பாக்கியமக்கா கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு பேசத் தொடங்கினார்... சிங்களத்தில்! தங்குதடையில்லாத சிங்களம். மலையகத்தில் சிங்களச் சனத்தோடு வளர்ந்தவர் அல்லவா! கொட்டில் வந்தது, பூட்டு வந்தது, சாவியை வாங்கிய முதலாளியும் வந்தார். தான் சொன்னதில் பாதியைக் காணவில்லை, முழுவதையும் எழுதித் திரும்ப வாசித்தால்தான் கையெழுத்து என்றார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். ‘இவள்தான் ஆள், எழுதி முடித்துவிட்டுச் சாப்பிடப் போவோம்’ என்று சார்ஜன்ட் கான்ஸ்டபிளிடம் சொன்னது தனக்குக் கேட்டதாம்.

சார்ஜன்டின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்! கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்க வெளியே ஓடினார். பாக்கியமக்காவுக்கும் ஒரு கதிரை வந்தது. சார்ஜன்ட் முதல் தாளைக் கசக்கி எறிந்துவிட்டுப் புதுத் தாளில் எல்லாம் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகுதான் பாக்கியமக்கா கையெழுத்து வைத்தார்.

அடுத்த நாள் முதலாளியைக் கூப்பிட்டு, சாவி யாரிடம் போனது என்று கேட்டார்கள். அவருடைய மச்சானிடம் போயிருக்கிறது. பம்பும் மச்சான் வீட்டுக் கிணற்றடியில் சுகமாக இருந்தது. ஒரு சொல் கேட்காமல் எடுத்துப் போயிருக்கிறார் மனிதர்.

செவ்வாய்க்கிழமை பொலிஸிலிருந்து திரும்பி வரும் வழியில் கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன்.

“இவ்வளவு சிங்களம் தெரிஞ்சுகொண்டு, என்னத்துக்கு அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போனனீங்கள்?”

“நீங்கதானே வாறேன்னீங்க மாஸ்டர்! தெரியாதுன்னு நெனச்சாத்தான் அவங்க நம்ம முன்னாலயே எல்லாத்தையும் பேசுவாங்க.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சொன்னதை முழுதாக எழுதுவதும், எழுதியதை விளங்கும்படி வாசித்துக் காட்டுவதும் பொலிஸ் நமக்குச் செய்யும் உபகாரமில்லை, நம் உரிமை. அதைக் கேட்டு வாங்கியவர் வெங்காயத் தோட்டத்துப் பாக்கியமக்கா. வாராவாரம் இங்கே நியாயம் பேசுகிற நான் இல்லை.

சார்ஜன்ட் கசக்கி எறிந்தாரே அந்த முதல் தாள், அதில் ஒரு கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. மொழிபெயர்ப்பாளர் என்ற இடத்தில்... என்னுடையது!