சித்தப்பா பேசிய நாள்

பேருந்து நிலையத்தின் மாடியில் ஒரு கண்ணாடி அறை இருக்கிறது. அங்கே மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று அறிவிப்பதுதான் என் சித்தியின் வேலை. கூட வேலை பார்ப்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. வீட்டுக்கு வந்தாலும் அந்த ரேடியோ அணையாது. யார் குடையை மறந்துவிட்டுப் போனார்கள், எந்த டிரைவர் எந்தக் கண்டக்டரோடு முறைத்துக்கொண்டார் என்று செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள். சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். காய் நறுக்கிக்கொண்டே 'ம்' கொட்டுவார். ஆச்சரியத்துக்கு ஒரு 'ம்', சந்தேகத்துக்கு ஒரு 'ம்'. அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவது பெரும்பாடு.

சித்தியின் காதோரத்தில் தாடை மூட்டு ரொம்ப நாளாகவே டக் டக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் அதைச் சட்டை செய்யவில்லை. ஒரு காலையில் கொட்டாவி விடப் போனவளுக்கு வாய் பாதியில் நின்றுவிட்டது. அப்புறம் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. மூட்டுக்குள் இருக்கும் சவ்வு நழுவியிருக்கிறது, ஊசி வழியாக மூட்டைக் கழுவிவிட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர்.

காப்பீட்டு நிறுவனமோ கையை விரித்துவிட்டது. 'இது பல் சிகிச்சை. உங்கள் திட்டத்தில் வராது.'

ஸ்ட்ரா வைத்துப் பால் குடித்துக்கொண்டிருந்த சித்தி, பல்லைக் கடித்தபடியே பொரிந்தாள். "பல்லா? என் பல்லு அத்தனையும் கல்லு மாதிரி இருக்குடி!"

அவள் சொல்லச் சொல்ல நான்தான் மேல்முறையீட்டை டைப் செய்தேன். டாக்டரின் அறிக்கை, ஸ்கேன் எல்லாம் இணைத்தோம். அதே பதில் திரும்பி வந்தது. கடைசி வாய்ப்பாக, நிறுவனத்தின் மேல்முறையீட்டுக் குழுவின் முன் நேரில் வந்து சொல்லலாம் என்றார்கள். சித்திக்கு வெறுத்துப்போயிருந்தது.

"விடுங்க. இப்படியே இருந்துட்டுப் போறேன்."

"போறோம்," என்றார் சித்தப்பா.

நானும் கூடப் போனேன். நீள மேசைக்குப் பின்னால் தலைவி ஒருவர், நிறுவனத்தின் டாக்டர் ஒருவர், குறிப்பெடுக்க ஒருவர். "சொல்லுங்கம்மா," என்றார் தலைவி. சித்தி பேசத் தொடங்கினாள். இரண்டாவது வரியிலேயே கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. நான் எழுந்திருப்பதற்குள் சித்தப்பா எழுந்துவிட்டார்.

"எனக்குப் பேச வராதுங்க," என்றார். நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்திருந்தார். "இவ பேசுவா, நான் கேப்பேன். எங்க குடும்பம் அப்படித்தான் ஓடுது. இப்ப வலிக்குதுன்னு தேவையானதை மட்டும்தான் சொல்றா. சாவி எங்க, பால் தீந்துபோச்சு, அவ்வளவுதான். தேவையானதை மட்டும் பேசுற வீட்டுல மனுஷன் எப்படிங்க இருக்கிறது?"

தலைவி பேனாவைக் கீழே வைத்தார். "புரியுதுங்க. ஆனா நாங்க திட்டத்துல இருக்கிறதைத்தானே பாக்கணும்?"

நிறுவனத்தின் டாக்டர் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். "உங்க டாக்டரோட அறிக்கை பல் பிரிவு முத்திரையோட வந்திருக்கே, ஏம்மா?"

"அந்த டாக்டர் ரூம்... பல் பிரிவு மாடியிலதான்," என்றாள் சித்தி, உதடு அசையாமல்.

அவர் எழுந்து வந்தார். அவள் காதுக்கு முன்னால் மெதுவாக விரலை வைத்து வாயைத் திறக்கச் சொன்னார். திறந்த மட்டும் பார்த்தார். "இது மூட்டுதான் மேடம். பல்லுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல," என்று தலைவியிடம் சொல்லிவிட்டு, "முதல் தடவையே யாராவது தொட்டுப் பாத்திருக்கணும்," என்று முணுமுணுத்தார்.

வெளியே வந்ததும் சித்தி, சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை பேச்சையும் எங்கங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"தண்ணி வேணும்," என்றார் அவர்.

மூட்டைக் கழுவும் செலவுக்கு ஒப்புதல் வந்தது. மூட்டில் அழுத்தம் விழாமலிருக்க இரவில் பற்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் உறைக்கு மட்டும் மறுத்துவிட்டார்கள். சிகிச்சைக்குப் பிறகு கண்ணாடி முன் நின்று தினமும் வாய்ப் பயிற்சி செய்தாள் சித்தி. இப்போது இரண்டு விரல் தாராளமாக நுழைகிறது. சத்தம் எப்போதாவது வரும். நன்றாகப் பேச வந்த முதல் சாயங்காலம், விசாரணை அறையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சித்தப்பாவுக்கே சொன்னாள். தான் அங்கே இல்லாதவர் மாதிரி அவரும் கேட்டுக்கொண்டார்.

அந்த உறைக்கும் மேல்முறையீடு போட்டிருக்கிறாள். இந்தத் தடவை தானே பேசப் போகிறாளாம். கேட்டதும் சித்தப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு நிம்மதி!