அம்மா கவாத்துப் பண்ணிய வருஷம்

தொண்ணூறுகளின் நடுவில் அப்பாவைப் பக்கவாதம் அடித்தபோது நான் கோயமுத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்தவருக்கு வலது கையும் பேச்சும் திரும்பவில்லை. என்னைக் கூப்பிட வாயைத் திறப்பார், காற்றுதான் வரும். முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அவிநாசிப் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டை ஒட்டியே கொய்யா மரங்கள். காய்ப்பு ஓய்ந்ததும் வேண்டாத கிளைகளைக் கழித்துக் கவாத்துப் பண்ணுவதை மட்டும் அப்பா ஆட்களிடம் விட்டதே இல்லை. பொங்கல் விடுமுறைக்கு நான் போனபோது கிளைகள் ஒன்றோடொன்று பின்னி, உள்ளே வெயிலே விழாமல், இலையெல்லாம் மாவுப்பூச்சி. கட்டிலில் படுத்தபடி ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு காலையில் ஆணியில் தொங்கிய ரம்பத்தை இடது கையால் காட்டினார்.

அம்மாவுக்குக் காய் பறித்துத்தான் பழக்கம். நாற்காலியோடு அவரைத் தூக்கிப்போய் மரத்தடியில் வைத்தோம்.

"ஏனுங்க, இதுங்களா?" என்று அம்மா கிளையைத் தொட்டுக் கேட்பாள். அவர் தலையாட்டினால் அறுப்பாள். காய்ந்தது, குறுக்கே ஓடியது, அடியில் கிளம்பிய வெறுங்கிளை என்று ஒவ்வொன்றாக விழுந்தன. வெட்டிய இடத்தில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த பசையை நான் தடவினேன்.

சில மரங்கள் முடிந்திருக்கும். ஒரு மரத்தில் அம்மா அவர் முகத்தைப் பார்க்காமலே நல்ல கிளை ஒன்றை அறுத்துவிட்டாள்.

"அட, போச்சு புள்ள!"

கத்தியது அப்பாதான். அம்மாவின் கையிலிருந்து ரம்பம் நழுவியது. ஓடிப்போய் அவர் காலடியில் உட்கார்ந்தாள். "இன்னொருக்காச் சொல்லுங்க. என்னைய நல்லா வைதுபோடுங்க சாமி."

அவர் வாயைக் கோணினார். சத்தம் வரவில்லை. அம்மா எழுந்து ரம்பத்தை எடுத்து, அதைவிடச் செழிப்பான கிளை ஒன்றின்மேல் வைத்தாள்.

"இதையும் அறுத்துப்போட்டேன்னா வைவீங்கல்லங்க?"

அவர் அழுதுகொண்டே தலையை ஆட்டினார், வேண்டாமென்று. அம்மா அறுக்கவில்லை. ரம்பத்தைப் பிடித்தபடியே மரத்தில் சாய்ந்து நின்றாள்.

மீதி மரங்களையும் அப்படியே அவரைக் கேட்டுக் கேட்டு முடித்தோம். அவர் மறுபடி பேசவில்லை. ஆனி மாதம், காய் பிஞ்சாக இருக்கும்போது, இரண்டாம் முறை வாதம் வந்து போய்ச் சேர்ந்தார்.

அந்தப் பருவம் காய் ஒவ்வொன்றும் கை கொள்ளாமல் வந்தது. ஏற்ற வந்த வியாபாரி, "கவாத்து நல்லா விழுந்திருக்குதுங்க, ஆரு பண்ணுனது?" என்றார்.

"அவருதானுங்க" என்றாள் அம்மா.

அடுத்த வருஷம் அவள் மரங்களின் பக்கமே போகவில்லை. குத்தகைக்கு விட்டுவிட்டோம்.