அம்மா நேர்ந்த சேவல்

தம்பி உயிரோடு திரும்பி வந்தால் முன்னேஸ்வரத்துக் காளிக்கு ஒரு கறுப்புச் சேவல் பலி கொடுப்பதாக அம்மா நேர்ந்திருந்தாள். நேர்ந்த காலத்தில் எங்கள் வீட்டில் சேவலும் இல்லை, தம்பியும் இல்லை. எங்கள் பக்கத்துக் கடல் கச்சான் என்ற தென்மேற்குக் காற்றில் குழம்பும் மாதங்களில் முல்லைத்தீவுக்குப் போய் கரையில் வாடிக் குடிசை போட்டு மீன் பிடிப்பது ஊர் ஆண்களின் வழக்கம். அப்படிப் போனவன்தான் அவனும். சமாதானம் என்று சொன்ன காலத்தில் போனான், பிறகு பாதை மூடியது, சண்டை வந்தது, அவ்வளவுதான். யுத்தம் முடிந்து, முகாம், விசாரணை, புனர்வாழ்வு என்று மேலும் இரண்டு வருடம் போன பிறகு ஒரு மத்தியானம் வேலிப் படலையைத் திறந்துகொண்டு வந்து நின்றான். நான் அப்போது வாளியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். யாரோ சீட்டுக்காசு கேட்டு வந்த ஆள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

வந்தவன் கதைக்கவில்லை. ஊமை என்றில்லை, கதைக்கவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவான், படு என்றால் படுப்பான். கையில் இருப்பதை யார் கேட்டாலும் கொடுத்துவிடுவான். சந்தைக்கு அனுப்பினால் பையைக் கேட்டவனுக்குப் பையையும் கொடுத்துவிட்டு வருவான். எனக்குப் பொறுமை என்ற ஒன்று பிறவியிலேயே கிடையாது. ஒருநாள், "வாயில என்னடா, கொழுக்கட்டையா வச்சிருக்கிற?" என்று கத்திவிட்டேன். உடனே வாயைத் திறந்து காட்டினான். நாக்கைத் தூக்கி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிக் காட்டினான். பகிடிக்கு அல்ல. எங்கோ யாரோ அவன் வாயை அப்படித் திறக்கச் சொல்லிச் சோதித்திருக்கிறார்கள். நான் குசினிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

அம்மாவிடம் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான் இருந்தது. "நேர்த்திய இன்னும் செலுத்தேல்ல. அதான் காளி பாதிப் பிள்ளையத் தந்திட்டு மிச்சத்தப் பிடிச்சு வச்சிருக்கிறா."

கடையில் வாங்கிய சேவல் ஆகாதாம், வீட்டில் வளர்த்ததாக இருக்க வேண்டுமாம். ஒரு கறுத்தக் குஞ்சை எங்கேயோ பிடித்துவந்து, தீனி போடும் வேலையைத் தம்பியிடம் கொடுத்தாள். அவனுக்காக நேர்ந்தது அவன் கையாலேயே வளரட்டும் என்பது அவளுடைய கணக்கு. அந்தக் கணக்கு அங்கேதான் பிழைத்தது.

ஒருநாள் விடியற்காலை கிணற்றடிக்குப் போகும்போது வேலிக்கு அந்தப் பக்கம் ஆள் குரல் கேட்டது. யாரடா இந்த நேரத்தில் என்று வேலிக் கிடுகின் ஓட்டையால் பார்த்தேன். தம்பி குந்தியிருந்து சேவலோடு கதைத்துக்கொண்டிருந்தான். "நேத்து காத்து பலம் என்ன? உனக்குக் குளிரேல்லயா?" என்றான். ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்கிறேன். கொஞ்சம் கட்டிப் போயிருந்தது, ஆனால் அவனுடைய குரல்தான்.

அதற்குப் பிறகு தினமும் அந்த வேலியடிதான் எனக்குக் கோயில். காகம் குருவி வந்தாலும் கையைக் காட்டித் துரத்துவேன், அவன் கதை குழம்பக் கூடாது என்று. முதலில் காற்று, மழை, மீன் விலை. பிறகு மெல்ல மெல்ல வேறு கதையும் வரத் தொடங்கியது. "பதுங்குகுழிக்குள்ள நாங்க மூண்டு பேர்டா" என்று ஒருநாள் சொன்னான். இன்னொரு நாள், "அவன் தண்ணி கேட்டவன். நான் குடுக்கேல்ல. போத்தல்ல இருந்தது, நான் குடுக்கேல்ல" என்றான். யார் அவன், ஏன் கொடுக்கவில்லை, பிறகு என்ன நடந்தது என்று நான் கிடுகைப் பிடித்தபடி காத்திருந்தேன். சேவல் கொக்கரித்துவிட்டு அப்பால் போய்விட்டது. அவனும் எழும்பிவிட்டான். நாளைக்குச் சொல்லுவான், நாளை மறுநாள் சொல்லுவான், எல்லாவற்றையும் அந்தச் சேவலிடம் கொட்டி முடித்தால் ஒருநாள் எங்களிடமும் வருவான் என்று நம்பினேன்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "அம்மா, அவன் சேவலோட கதைக்கிறான். இதக் கொண்டுபோய் வெட்டினா பிறகு யாரோட கதைப்பான்?"

அம்மாவின் முகம் அப்படி மலர்ந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "பாத்தியா! காளி அதுக்குள்ள வந்திருந்து அவன்ட கதையக் கேக்கிறா. இனிச் சுணங்கக் கூடாது மகள். இந்தத் திருவிழாவுக்கே கொண்டு போயிருவம்."

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த நாட்களில் நான் கருவாட்டு வாடியில் வேலை. அங்கே மீன் வெட்டும் பெண்கள்தான் சொன்னார்கள், காளி கோயிலில் இப்போது பலி இல்லையாம், சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்களாம் என்று. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் வீட்டில் மூச்சு விடவில்லை. சொன்னால் அம்மா வேறு ஏதாவது கோயிலைத் தேடிப் போவாள். போகட்டும், முன்னேஸ்வரத்துக்கே போகட்டும், அவர்கள் மாட்டோம் என்று சொல்லட்டும், சேவலைத் திருப்பிக் கொண்டுவருவோம், நேர்த்தியும் தீர்ந்தது, சேவலும் மிச்சம் என்று நினைத்தேன். நான் பெரிய புத்திசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

முந்தல் ஸ்டேஷனில் ஏறினோம். கோச்சி ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தது. திருவிழாச் சனம், உள்ளே கால் வைக்க இடமில்லை. அர்ச்சனைத் தட்டு, பூமாலை, வியர்வை, பாண் வாசம் எல்லாம் ஒன்றாக அடித்தது. ஒரு முஸ்லிம் ஐயா நகர்ந்து அம்மாவுக்கும் தம்பிக்கும் இடம் கொடுத்தார். சந்தைக்குச் சரக்கு எடுக்கப் போகிறவர், சொந்த ஊர் மன்னார், தொண்ணூறில் அங்கிருந்து துரத்தப்பட்டுப் புத்தளத்துக்கு வந்தவராம். சேவல் ஓலைப்பைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு தம்பியின் மடியில் இருந்தது. அது ஒரு தடவை கூவியதும் பெட்டி முழுக்கச் சிரித்தது. "கோச்சிக்கு ஹோர்ன் இல்லாத குறை தீர்ந்திச்சு" என்று நானும் சொன்னேன். தம்பியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. சத்தியமாக அசைந்தது.

"நல்ல சேவலா இரிக்குது. விலைக்கா அக்கா?" என்று அந்த ஐயா அம்மாவிடம் கேட்டார்.

"இல்ல தம்பி, காளிக்கு நேர்ந்தது."

"அப்ப எங்களுக்கு ஆகாது" என்று சிரித்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்துலுஓயா தாண்டியதும் டிக்கட் பார்க்கிறவர் வந்தார். சிங்களத்தில் மரியாதையாகத்தான் கேட்டார். நான் பேர்சுக்குள் டிக்கட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் தம்பி எழும்பிவிட்டான். பையைக் காலடியில் வைத்தான். அடையாள அட்டையை எடுத்து ஆசனத்தில் வைத்தான். சீப்பு, கைக்குட்டை, பீடிக் கட்டு, பாதி மென்ற பாக்கு எல்லாவற்றையும் வரிசையாக வைத்தான். சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டினான். பிறகு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். சிரித்துக்கொண்டிருந்த பெட்டி அடங்கிப்போனது. டிக்கட்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, பாவம், "எபா மல்லி, எபா" என்று கையை ஆட்டினார். வேண்டாம் தம்பி, வேண்டாம் என்று அந்த மனுசன் கெஞ்சியே விட்டார்.

முஸ்லிம் ஐயாதான் தம்பியின் தோளைத் தொட்டார். "இரிங்க மகன். டிக்கட் மட்டும்தான் கேட்டார். இரிங்க." சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து அவன் கையில் கொடுத்தார். கடைசியாகச் சேவல் பையையும் எடுத்து மடியில் வைத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, கோபமாக இருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "இண்டையோட எல்லாம் சரி, இண்டையோட எல்லாம் சரி" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

சிலாபத்தில் இறங்கி பஸ் பிடித்து முன்னேஸ்வரம் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பாதையின் இரண்டு பக்கமும் கடை. வளையல், பிளாஸ்டிக் துவக்கு, தொதல், இனிப்புப் பூந்தி, சூடாக வறுத்த கச்சான் கடலை. காணாமல் போன பிள்ளைகளின் பெயரை ஒலிபெருக்கியில் தமிழில் ஒருக்கா, சிங்களத்தில் ஒருக்கா சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிவன் கோயிலில் தேங்காய் உடைத்தோம். அம்மா தம்பிக்கு ஒரு சுருள் கச்சான் வாங்கிக் கொடுத்தாள். அவன் ஒன்றைத் தின்பான், ஒன்றைச் சட்டைப்பைக்குள் போடுவான். யாருக்கு என்று எனக்குத் தெரியும். சேவல் திரும்பி வரத்தானே போகிறது என்று நானும் இன்னும் ஒரு பிடி வாங்கி அவன் பைக்குள் போட்டுவிட்டேன்.

காளி கோயிலில் மேசை போட்டு இருந்தவர் வயதானவர், தன்மையான ஆள். அம்மா சேவலைக் காட்டியதும் இல்லை என்று தலையை ஆட்டினார். "பலி இப்ப இல்ல அம்மா. நிறுத்தியாச்சு."

நான் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டேன். "சரி அம்மா, நாங்க என்ன செய்ய, கொண்டு போவம் வாங்க" என்றேன். அந்த ஒரு வசனத்தை இரண்டு கிழமையாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

"கொண்டு போறதா?" அம்மா என்னைப் பார்த்த பார்வை இப்போதும் சுடுகிறது. "நேர்ந்தத வாசல் வரைக்கும் கொண்டு வந்திட்டுத் திருப்பி வீட்டுக்குக் கொண்டு போறதா? குடும்பம் விளங்குமாடி?"

"வெட்ட ஏலாது என்டா விட்டிட்டுப் போங்க அம்மா" என்றார் மேசைக்காரர். "இப்ப எல்லாரும் அப்பிடித்தான். உயிரோட ஒப்படைச்சாலும் நேர்த்தி நேர்த்திதான். பூசை செஞ்சு திருநூறு தாறம்." அந்தப் பக்கம் வேலியடைத்த முற்றத்தில் ஏற்கெனவே இருபது முப்பது சேவல்கள் ஒன்றையொன்று கொத்திக்கொண்டு நின்றன.

இதை நான் நினைக்கவேயில்லை. வெட்டுவார்கள், இல்லாவிட்டால் வெட்டமாட்டார்கள் என்றுதான் நினைத்தேனே தவிர, விட்டுவிட்டுப் போவதைப் பற்றி என் மரமண்டைக்கு வரவில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், நேர்ந்துவிட்ட பொருள் வீடு திரும்பாது என்பது தெரியாதவளா? தெரியும். அவசரத்தில் மறந்துவிட்டேன். பலி இல்லை என்று வீட்டிலேயே சொல்லியிருந்தால் அம்மா அதை வாசல் வரை கொண்டுவந்திருக்கவே மாட்டாள். சண்டை பிடித்து ஒரு வருடமாவது தள்ளிப்போட்டிருக்கலாம்.

"அம்மா, உங்கள்ட காலில விழுறன். அவன் அதோட மட்டும்தான் கதைக்கிறான். அவன்ட மிச்சக் கதை எல்லாம் அதுட்டத்தான் இருக்கு." சனம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

அம்மா சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். "உன்ட தம்பி நல்லா வாறது உனக்கு விருப்பமில்லையா?"

இதற்கு என்ன பதில் சொல்ல? யாராவது சொல்லட்டும் பார்ப்போம். கடைசி நம்பிக்கையாகத் தம்பியைப் பார்த்தேன். மாட்டேன் என்று சொல்லடா, ஒரேயொரு சொல், இறுக்கிப் பிடித்துக்கொள்ளடா என்று மனதுக்குள் கத்தினேன். அம்மா கையை நீட்டி, "தா மகன்" என்றாள். அவன் கொடுத்துவிட்டான். யார் கேட்டாலும் கொடுப்பவன், பெற்றவள் கேட்டால் கொடுக்காமல் விடுவானா? கொடுத்துவிட்டு, கோச்சியில் நின்ற மாதிரியே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். நான்தான் போய் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டேன்.

மேசைக்காரர் கால்கட்டை அவிழ்த்து அதை வேலிக்கு அந்தப் பக்கம் விட்டார். இறகை உதறிக்கொண்டு மற்றச் சேவல்களுக்குள் போனது. கறுப்புச் சேவல்தான் எல்லாமே. கொஞ்ச நேரத்தில் எது எங்களுடையது என்று எனக்கே தெரியவில்லை. தம்பிக்குத் தெரிந்திருக்கும்.

திரும்பி வரும்போது கோச்சியில் இடம் தாராளமாகக் கிடைத்தது. தம்பி வெறும் ஓலைப்பையை மடியில் வைத்து, அதன் வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டு இருந்தான். அம்மா எங்கள் இரண்டு பேர் நெற்றியிலும் திருநீறு பூசினாள். பல வருடத்துக்குப் பிறகு அவள் இருந்தபடியே நிம்மதியாக நித்திரை கொண்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவளை எழுப்பிச் சண்டை பிடிக்க வேண்டும் போல இருந்தது. எழுப்பவில்லை.

அடுத்த நாள் விடியற்காலை வழக்கம் போலக் கிணற்றடிக்குப் போனேன். தம்பி அதே இடத்தில் குந்தியிருந்தான். சட்டைப்பையிலிருந்து கச்சானை எடுத்து, கோது உடைத்து, ஒவ்வொன்றாக மண்ணில் வைத்தான். காகம் வந்தது. அவன் துரத்தவில்லை. அது கொத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கிடுகில் காதை வைத்து நின்றேன். காகம் தின்று முடிக்கும் வரைக்கும் நின்றேன். ஒரு சொல்லும் கேட்கவில்லை.

பின்னால் அம்மா வந்து நின்றது எனக்குத் தெரியாது. அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். என் தோளைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஆசையோடு கேட்டாள். "கதைக்கிறானா?"

"ஓம் அம்மா" என்றேன். "கதைக்கிறான்."

அம்மா முன்னேஸ்வரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கப் போனாள்.