முப்பத்தொன்றும் நாற்பத்தேழும்

திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் தொடங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். லைன் சூப்பர்வைசர் தணிகாசலம் ஐ.டி. ரூமுக்கு போன் போட்டார். "சார், உங்க புது சாஃப்ட்வேர்ல கோளாறு ஒண்ணும் இல்லியே?"

"எல்லாம் பக்கா" என்றேன். என் வாயில் மண்ணைப் போட.

2011-இல், ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் இருந்தேன். பிரஸ் மெஷின் நின்றால் பக்கத்துத் திரையில் ஒரு நம்பரும், அதற்குரிய தமிழ் வாக்கியமும் வரும். பழைய சாஃப்ட்வேரில் இருந்த வாக்கியங்களைப் புதியதற்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. 31-க்கும் 47-க்கும் ஒரே வாக்கியம்: 'மெஷின் நின்றுவிட்டது'. ஒரே விஷயத்துக்கு எதற்கு இரண்டு நம்பர் என்று 47-ஐத் தூக்கிவிட்டு, இரண்டுக்கும் 31 வரும்படி செய்தேன். பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்ட நினைப்பு வேறு.

போனை வைத்துவிட்டு, எதற்கும் பார்த்துவிடலாம் என்று லைனுக்குப் போனால், தணிகாசலம் முத்துலட்சுமியைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். அவள் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், மண்ணூரில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த டிரெய்னி. அவளைப் பெர்மனென்ட் பண்ணலாமா என்று அந்த வாரம்தான் முடிவு செய்ய இருந்தார்கள்.

"இன்னாம்மா நீ, கதவு தொறந்துகினதுக்கெல்லாம் மெயின்டனன்ஸைக் கூப்டுகினு கீற? காலையிலேந்து நாலு வாட்டி லைன் நின்னுடுச்சு. மெமோ குடுக்கப் போறேன்."

"31 வந்தா கை வைக்காதே, மெயின்டனன்ஸைக் கூப்பிடுன்னு நீங்கதான சார் சொல்லித் தந்தீய? 47 வந்தாத்தான் கதவை மூடி ரீசெட் அமுக்கணும். இன்னைக்கு நாப்பத்தேழே வரலையே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த லைனில் வாக்கியத்தை ஒருத்தரும் படிப்பதில்லை, நம்பரைத்தான் பார்க்கிறார்கள். 31 என்றால் ஆயில் பிரஷர் இறங்கிவிட்டது, 47 என்றால் மெஷினின் பாதுகாப்புக் கதவு திறந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே வாக்கியத்தை ஒரு காலத்தில் எழுதிவைத்த சோம்பேறி யார் என்றால், அதுவும் நான்தான்.

47-ஐ உடனே திரும்பக் கொண்டுவந்தேன். அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் மெமோ அவள் ஃபைலில் ஏறிவிடும், வேலை நிரந்தரமாகாது. அதை நினைக்கவே வெட்கமாக இருந்தது. நேரே புரொடக்‌ஷன் மேனேஜரிடம் போய், "தப்பு என்னுது சார், மெமோவை என் பேருக்கு எழுதுங்க" என்றேன்.

"மெமோவைக் கேட்டு வாங்குற மொத ஆள் நீதான்யா" என்றார். எழுதியும் கொடுத்துவிட்டார், மகராசன்.

ஷிஃப்ட் முடிந்ததும் முத்துலட்சுமிக்கு டீ வாங்கிக் கொடுத்து, எந்த நம்பருக்கு என்ன செய்வாள் என்று வரிசையாகக் கேட்டு எழுதினேன். பழைய நம்பர் ஒன்றைக்கூட அழிக்காமல் புது சாஃப்ட்வேரில் வைத்தேன். வாக்கியங்களை மட்டும் திருத்தினேன். புதிதாக வருகிறவர்களுக்கு இன்றும் சொல்வது இதுதான்: பழையதில் ஒன்றை வேண்டாம் என்று தூக்கும் முன்னால், அதைப் பார்த்து வேலை செய்கிறவரை ஒரு வார்த்தை கேளுங்கள். நமக்கு ஒன்றாகத் தெரிவது அவருக்கு இரண்டாக இருக்கும்.

சனிக்கிழமை முத்துலட்சுமி ஐ.டி. ரூமுக்கு வந்து என் மேஜையில் இரண்டு லட்டு வைத்தாள்.

"ஒண்ணு நான் பெர்மனென்ட் ஆனதுக்கு சார். இன்னொண்ணு உங்க மெமோவுக்கு."