தொப்பூர் ஏற்றத்தில் மாரப்பனின் கார்

இண்டூர் மெக்கானிக் சவரிராயனுக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனாலேயே பெங்களூரில் மூன்று பட்டறை மாறி, எண்பத்து நாலில் தருமபுரிக்கு வந்து மாரப்பனின் இடத்தில் ஷெட் போட்டான். இடம் கொடுத்தவன் தன் காரையும் தலையில் கட்டினான். அங்கே பிடித்தது சனியன்.

பார்வைக்கு அது சீமை ரேஸ் கார். மேலே பைபர் உடம்பு, பின்பக்கம் ஒரு பழைய ஜெர்மன் காரின் இன்ஜின். ரேடியேட்டர் கிடையாது, காற்றிலேயே ஆறவேண்டும். எங்கே ஆறியது? சேலத்திலிருந்து வரும்போதெல்லாம் தொப்பூர் ஏற்றத்தில் சூடேறி நின்றது.

சவரிராயன் படுத்துப் பார்த்தான். இன்ஜினைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி. கீழே கக்கிய சூட்டையே மேலே ஃபேன் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. லாரி டியூபை வெட்டிச் சந்தில்லாமல் அடைத்தான். ஆனால் பின்மூடியில் காற்று நுழையும் துளைகளை மறைத்து, மாரப்பன் தன் அப்பன் பேரைப் பித்தளைத் தகட்டில் எழுதி அறைந்திருந்தான்.

"இதைக் கழட்டணுங்க. மூக்கப் பொத்திக்கிட்டு யாருங்க மலையேற முடியும்?"

"எங்கப்பன் பேர்ல கை வெச்சே, முறிச்சுப்புடுவேன். நாளைக்கு நீயும் கூட வா. ஏத்தத்துல வண்டி நின்னுச்சுன்னா, ஷெட்ட விட்டு ஓடிரு."

இரண்டு வருஷப் பாடு ஒரு தகட்டுக்குப் போவதா!

மறுநாள் மத்தியானம் சேலத்திலிருந்து திரும்பும்போது பாதி ஏற்றத்தில் கருகல் நெடி அடித்தது, கார் நின்றது. பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்துத் திட்டின. ஒரு டிரைவர் தண்ணீர் கேனோடு ஓடிவந்தார். தொப்பூரில் எந்த வண்டி புகைந்தாலும் தண்ணீர்தான் வைத்தியம். மாரப்பன் கேனைப் பிடுங்கினான்.

"ஐயோ, ஊத்தாதீங்க! தானா ஆறட்டும், சூட்டுல தண்ணி பட்டா வெடிச்சுரும்!"

"வாய மூடுடா! கெடுத்தவனே நீ, எனக்குப் புத்தி சொல்றியா?"

சவரிராயன் மூடிக்கொண்டான். எட்டிக் கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. ஊத்தட்டும், நாசமாய்ப் போகட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. உள்ளே 'டிங்'கென்று ஒரு சத்தம், சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டுவிட்டது.

"பொழுது சாயறதுக்குள்ள ஷெட்டு காலியாவணும்டா! இல்ல, உன் ஜாமானெல்லாம் ரோட்ல கெடக்கும்!"

சவரிராயன் பையிலிருந்து ஷெட் சாவியை எடுத்து அந்தத் தகட்டின் மேலேயே வைத்தான்.

"காலையிலயே காலி பண்ணிட்டுத்தாங்க உங்ககூட வந்தேன்."